மிஷினுக்கு விழுந்த ஓட்டு

எவர்சில்வர் டம்ளருக்குள் இரண்டே சீட்டுகள். தேர்தல் அலுவலர் அதன் வாயை உள்ளங்கையால் மூடி மூன்று முறை குலுக்கினார். இரண்டு சீட்டைக் குலுக்குவதில் என்ன பெரிதாக மாறிவிடப்போகிறது? ஆனாலும் மனிதர் நேர்மையாகக் குலுக்கினார்.

பகல் பன்னிரண்டரை. மேஜைக்கு அடியில் யாருடைய சாப்பாட்டுப் பையிலிருந்தோ சாளை மீன் குழம்பு மணத்தது. எனக்குப் பயமும் பசியும் வயிற்றில் ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தன.

எங்கள் வார்டு கவுன்சிலர் தேர்தலில் தையல் மிஷின் சின்னம் வேண்டுமென்று இரண்டு சுயேச்சைகள் எழுதிக் கொடுத்திருந்தோம். ஒருத்தி நான், அ. செல்வராணி. தூத்துக்குடியில் இருபத்தெட்டு வருடமாக ஜாக்கெட் தைத்துப் பிழைக்கிறவள். இன்னொருத்தி த. செல்வராணி. அவளை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். என்னைவிடப் பத்து வயதாவது இளையவள். பல் பிடுங்க வந்தவள் மாதிரி சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். அவள் விரல் நுனிகள், நாள் முழுக்கத் தண்ணீரில் கிடந்தவை போல வெளுத்துச் சுருங்கியிருந்தன.

ஒரே சின்னத்தை இரண்டு சுயேச்சைகள் கேட்டால் குலுக்கல்தான். அலுவலக உதவியாளர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தார். அலுவலர் பிரித்து வாசித்தார்.

"தானா செல்வராணி."

தையல்காரிக்குத் தையல் மிஷின் இல்லை என்று ஆகிவிட்டது. இரண்டாவதாகக் கேட்டதும் வேறொருவருக்குப் போய்விட, எனக்கு மிஞ்சியது, 'மூன்றாவது விருப்பம்' என்ற கட்டம் காலியாகக் கிடக்கிறதே என்று போகிறபோக்கில் நான் எழுதி வைத்த சின்னம். வாளி.

வெளியே வராந்தாவில் தர்மர் அண்ணாச்சி டீ குடித்துக்கொண்டிருந்தார். சிமெண்ட் கடை வைத்திருப்பவர். முந்தைய தடவை எங்கள் வார்டு கவுன்சிலர் அவர்தான். இந்தத் தடவை வார்டு பெண்களுக்கு என்று ஆகிவிட்டதால், தன் மனைவி பூங்கனியை ஒரு கட்சியின் சார்பில் நிறுத்தியிருந்தார்.

"என்ன தங்கச்சி, வாளியா? நல்ல சின்னம்லா. வீட்டுக்கு வீடு இருக்கு" என்று டீயை ஊதி ஊதிச் சிரித்தார்.

அந்த இன்னொரு செல்வராணி எங்கிருந்து முளைத்தாள் என்பது எனக்கு அந்தச் சிரிப்பில் விளங்கிவிட்டது. வாக்காளர் பட்டியலில் என் பெயர்க்காரியைத் தேடிப் பிடித்து, மனுவை எழுதிக் கொடுத்து, கேட்க வேண்டிய சின்னத்தையும் சொல்லிக் கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார். சிமெண்ட் கலப்பதில் காட்டாத சிரத்தையை மனிதர் இதில் காட்டியிருக்கிறார்.

வேர் கிடந்த கோடு

போட்டி என்று வந்தால் எனக்கு வாய்ப்பதெல்லாம் இப்படித்தான்.

நாசரேத் பக்கம் பள்ளிக்கூடத்தில் படித்தபோது விளையாட்டு விழாவில் ஓட்டப் பந்தயம். எனக்கு ஒதுக்கிய கோட்டில் பாதி வழியில் வேப்பமரத்தின் வேர் ஒன்று முழங்கை கனத்துக்குக் குறுக்கே கிடந்தது. பி.டி. டீச்சரிடம் போய்ச் சொன்னேன். "தாண்டி ஓடுளா, ஒனக்கென்ன காலு இல்லையா?" என்றார். மற்றவர்கள் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள். நான் அதோடு உயரம் தாண்டலையும் சேர்த்துச் செய்தேன். நாலாவதாக வந்தேன். சோப்பு டப்பா மூன்று பேருக்குத்தான்.

திருச்செந்தூர் பஸ்ஸில் ஜன்னல் வழியே துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதற்கும் உயரம் வேண்டும். ஒருமுறை எம்பிக் குதித்து நான் எறிந்த கைக்குட்டை, உள்ளே ஏற்கெனவே உட்கார்ந்திருந்த ஒரு பெரியவரின் மடியில் விழுந்தது. அவர் அதில் முகத்தைத் துடைத்துவிட்டு, நான்காக மடித்து, நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

தொழிலிலும் அதே கதை. மெயின் ரோட்டில் ஏ.சி. போட்ட தையல் ஷோரூம் வந்திருக்கிறது. ஆளுயரக் கண்ணாடி, காத்திருப்பவர்களுக்குக் காபி, இரண்டே மணி நேரத்தில் ஜாக்கெட். என் கடையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஃபேன், 'நாளைக்கு வாங்க' என்ற என் வாக்குறுதி. அங்கே அவசரத்தில் தைத்ததைப் பிரித்துச் சரிசெய்து கொடுப்பதுதான் இப்போது என் வியாபாரத்தில் பாதி. அதனால் அந்த ஷோரூம் நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் மனதார வேண்டிக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரருக்கு ஹார்பரில் சரக்கு எண்ணிக் குறிக்கும் வேலை. நான் இப்படிப் புலம்பும்போதெல்லாம், "பெரிய கப்பல் உள்ள நிக்கும்போது சின்னக் கப்பல் வெளிய நங்கூரம் போட்டுக் காத்துக்கெடக்கு. அது என்ன ஒன்ன மாதிரி அழுதுக்கிட்டா இருக்கு?" என்பார். கப்பலுக்கு வாய் இல்லை என்பது அவருக்கு ஒரு வசதி.

தேர்தலில் நான் நின்றதற்குக் காரணம் கடைக்கு முன்னால் ஓடும் சாக்கடை. ஓடும் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், நிற்கும். தர்மர் அண்ணாச்சியிடம் ஆறு தடவை சொன்னேன். ஆறாவது தடவை அவர், "அவ்வளவு அக்கறை இருந்தா நீயே எலெக்சன்ல நில்லேன்" என்றார். அவர் அதை வேடிக்கையாகச் சொன்னார். எனக்குக் கிண்டல் சட்டென்று விளங்காது. நின்றுவிட்டேன்.

நான் மிஷின் இல்லை

சிவப்புப் பிளாஸ்டிக் வாளி ஒன்றைக் கையில் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினேன். வார்டில் பாதிப் பெண்களின் அளவு என் நோட்டில் இருக்கிறது. யாருக்குத் தோள் இறக்கம், யாருக்கு ஒரு பக்கம் ஏற்றம் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். அவர்களும் என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துதான் வரவேற்றார்கள். அங்கேதான் வந்தது வினை.

"ஏளா செல்வராணி, வா வா. ஓட்டு ஒனக்குத்தான். மிஷினுல ஒரே குத்தா குத்திருதேன்."

"ஐயோ அத்தை, நான் மிஷின் இல்ல. வாளி."

"என்னளா சொல்லுத? நீ தைக்கவதானே?"

"தைக்கவதான். ஆனா என் சின்னம் வாளி."

"தைக்கவளுக்கு வாளி எதுக்கு? நீ குழப்பாத. நான் பாத்துப் போட்டுக்கிடுதேன்."

இப்படி ஒரு வீடு, இரண்டு வீடு இல்லை. கடைசியில் நோட்டீஸ் அடித்தேன். 'நான் தையல்காரி. ஆனால் தையல் மிஷின் நான் இல்லை.' என் வீட்டுக்காரர் அதை வாசித்துவிட்டு, "ஏதோ சாமியார் மலைமேல உக்காந்து சொன்ன மாதிரி இருக்கு" என்றார்.

பூங்கனி அக்கா ஜீப்பில் வந்தார். கையைக் கூப்பியபடி நின்றதோடு சரி. பேச்செல்லாம் மைக்கில் தர்மர் அண்ணாச்சி. பூங்கனி அக்கா பதினைந்து வருடமாக என்னிடம்தான் ஜாக்கெட் தைக்கிறார். பிரச்சாரம் நடந்த நாட்களிலும் பிளவுஸ் பிட்டோடு கடைக்கு வந்தார். "எங்க வீட்டுக்காரவுகளுக்குத் தெரிய வேண்டாம்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார். எதிரணி வேட்பாளர் என்றால் அவருக்கு மட்டும் மார்பளவு மாறிவிடுமா? தைத்துக் கொடுத்தேன்.

தானா செல்வராணி மட்டும் ஒரு வாசலிலும் வந்து நிற்கவில்லை. இறால் கம்பெனியில் இறால் உரிக்கிறவள் என்று பின்னால்தான் தெரிந்தது. விரல் வெளுத்திருந்ததற்குக் காரணம் அதுதான். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போனால் சாயங்காலம் நாலு மணிக்குத்தான் கொண்டுவந்து விடும். ஓட்டுக் கேட்க அவளுக்கு நேரமும் இல்லை, ஆசையும் இல்லை.

ஓட்டு எண்ணினார்கள். பூங்கனி அக்கா ஜெயித்தார். நான் இரண்டாவது. வித்தியாசம் கொஞ்சந்தான். அந்த வித்தியாசத்தைப் போல மூன்று மடங்கு ஓட்டு, ஒரு வாசலையும் மிதிக்காத தையல் மிஷினுக்கு விழுந்திருந்தது.

தைக்கவளுக்கு வாளி எதுக்கு என்ற அந்த அத்தையிடம் கேட்டேன். "ஒனக்குத்தாம்ளா போட்டேன். மிஷினுல" என்றார் பெருமையாக.

தர்மர் அண்ணாச்சி என் கடைக்கே லட்டு கொடுத்தனுப்பினார். தின்றேன். அந்தக் கோபத்திலும் லட்டு நன்றாகத்தான் இருந்தது.

தானாக வந்தது

ஒரு மாதம் கழித்து, ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணிவாக்கில், கடை வாசலில் அவள் வந்து நின்றாள். கையில் ஒரு பிளவுஸ் பிட்.

"அக்கா, இத ஒண்ணு தச்சுத் தரணும்."

துணியைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. தேர்தலில் நிற்பதற்காகத் தர்மர் அண்ணாச்சி கொடுத்ததாக ஊரே பேசிய மயில் பச்சைச் சேலையில் வெட்டிய துணி. என்னைத் தோற்கடித்த சேலைக்கு நானே ஜாக்கெட் தைக்க வேண்டும். ஊரில் வேறு தையல்காரியா இல்லை?

"எங்க உடுத்திட்டுப் போவ?" என்று கேட்டேன். குரலில் கொஞ்சம் வினிகர் சேர்ந்தே வந்தது.

"கார்ப்பரேஷன் ஆபீஸுக்குக்கா. மனு குடுக்கப் போறேன்."

"நீயா? என்ன மனு?"

அவள் பிளாஸ்டிக் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"ஒரு கையெழுத்து போதும், வேற ஒண்ணும் இல்லன்னுதான் அண்ணாச்சி கூட்டிட்டுப் போனாவ. போட்டேன். அது தப்புதான். ஆனா இத்தனை பேரு ஓட்டுப் போட்டிருக்காவளேக்கா. நான் யாரையும் கேக்கவே இல்ல. தானாப் போட்டிருக்காவ. பஸ்ஸுல போனா பக்கத்துல இருக்கவளப் பாக்கேன், இவ போட்டிருப்பாளோன்னு. போட்டவுகளுக்கு ஒண்ணும் செய்யாம சும்மா இருந்தா எப்பிடி?"

எனக்கு வாய்வரை வந்தது. அடியே, அதெல்லாம் எனக்கு விழுந்த ஓட்டு, ஒரு கிழவிக்கு வாளி பிடிக்காததால் உன் பக்கம் வந்த ஓட்டு. சொல்லவில்லை. பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். அவள் போய் ஆபீஸில் அவமானப்பட்டுத் திரும்பட்டும் என்று இருந்தேன்.

டேப்பை எடுத்து அளவெடுத்தேன். வாரப் பத்திரிகைக்கு நான் எழுதும் இந்தத் தொடரில் இதுவரை என் மாமியாரின் குற்றங்களைத்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். இந்த வாரம் என் குற்றம் ஒன்று. அவளுடைய ஜாக்கெட்டின் கைகளை, வேண்டுமென்றே, அரை அங்குலம் பிடித்துத் தைத்தேன்.

அரை அங்குலம்

அவள் கேட்டது கக்கூஸ்.

ரயில்வே கேட் பக்கம் பெண்களுக்கான பொதுக் கழிப்பறை ஒன்று தர்மர் அண்ணாச்சி காலத்தில் கட்டினார்கள். பளபளவென்று டைல்ஸ், வாசலில் பூ வைத்த பெண்ணின் படம், ரிப்பன், லட்டு, எல்லாம் நடந்தது. ஒரு வாரத்தில் பூட்டு விழுந்தது. தண்ணீர் இணைப்பு வரவில்லை, வந்ததும் திறப்போம், அதுவரை சாவி என்னிடம் இருக்கட்டும் என்றார் அண்ணாச்சி. அதோடு ஊர் மறந்துவிட்டது. நானும்தான். என் நோட்டீஸில் பதினோரு வாக்குறுதிகள் இருந்தன. அதில் இது கிடையாது. என் வீட்டில் கக்கூஸ் இருக்கிறதே, எனக்கு எப்படி ஞாபகம் வரும்?

இறால் கம்பெனி வேன் அந்தக் கேட் பக்கம்தான் வந்து நிற்கும். லைன் வீட்டுப் பெண்கள் அங்கேதான் காத்து நிற்பார்கள். பன்னிரண்டு வீட்டுக்கு ஒரே ஒரு கக்கூஸ் உள்ள லைன் வீடு.

தானா வாரம் ஒரு மனு கொடுத்தாள். ஒவ்வொரு மனுவின் கீழும் 'த. செல்வராணி, தையல் மிஷின் சின்னத்தில் போட்டியிட்டவர்' என்று எழுதினாள். 'தோற்றவர்' என்று எழுதவில்லை. கழிப்பறை ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, உள்ளே சிமெண்ட் மூட்டைகள் அடுக்கியிருப்பதைத் தன் போனில் படம் பிடித்து அதையும் சேர்த்தாள். தர்மர் அண்ணாச்சி கடைக்குக் குடோன் பற்றாமல் போயிருக்கிறது.

அப்புறம்தான் பேச்சு எழுந்தது. என் கடையில் ஹூக் வைக்க வந்தவர்கள்கூட, "மிஷின் செல்வராணி கெட்டிக்காரிளா. நல்ல வேளை அவளுக்குப் போட்டோம்" என்று என் முகத்துக்கு நேரே சொன்னார்கள். நல்ல வேளையாம்! ஊசியை வாயில் கவ்வியிருந்ததால் நான் பதில் பேசவில்லை.

ஒரு புதன்கிழமை மத்தியானம் அவள் கடைக்கு வந்தாள். கம்பெனியில் இருக்க வேண்டிய நேரம். வேலைக்கு ஆள் கூட்டிப்போகும் மேஸ்திரி, இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம். தர்மர் அண்ணாச்சி அவனிடம் பேசியிருக்கிறார். வேலை போய் எட்டு நாள் ஆகியிருந்தது.

"இன்னொரு மனு எழுதியிருக்கேன்க்கா. இதுல வார்டுப் பொம்பளைக கையெழுத்து நெறைய வேணும். ஒங்க கையெழுத்து முதல்ல இருந்தா எல்லாரும் போடுவாவ."

அவள் அந்த ஜாக்கெட்டைத்தான் போட்டிருந்தாள். மனுவை நீட்ட முடியாமல் கை பாதியிலேயே நின்றது. அதைப் பார்த்து எனக்கு வந்தது வெட்கம். வெட்கம் எனக்கு எப்போதுமே கோபமாகத்தான் வெளியே வரும்.

"எந்த மொகத்தோட என் கையெழுத்தக் கேக்க? ஒனக்கு விழுந்த ஓட்டு பூரா என் ஓட்டு, தெரியுமா? நான் தைக்கவன்னு நெனச்சு மிஷினுல குத்துனாளுவ. ஒன்ன ஆருக்குத் தெரியும் இந்த வார்டுல?"

கத்திவிட்டேன். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

அவள் மனுவை மடியில் வைத்துக்கொண்டாள்.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"எண்ணி முடிச்ச அன்னைக்கே தெரியும். அதச் சொல்லி மன்னிப்புக் கேக்கத்தான் அன்னைக்குத் துணியத் தூக்கிட்டு வந்தேன். ஒங்க மொகத்தப் பாத்ததும் பயந்து வேற என்னத்தையோ ஒளறிட்டேன்."

நான் கையிலிருந்த கத்தரிக்கோலைக் கீழே வைத்தேன்.

"ஆனா எல்லா ஓட்டும் ஒங்களதுன்னு சொல்லாதீக" என்றாள். அதுவரை தரையைப் பார்த்துப் பேசியவள் இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "எங்கூட எறால் உரிக்கவ ஏழு பேரு இந்த வார்டுதான். அந்த ஏழு பேரும் என் மூஞ்சிய நெனச்சு எனக்குத்தான் போட்டாளுவ. மத்தத எல்லாம் நீங்க எடுத்துக்கிடுங்க. நான் அந்த ஏழு ஓட்டுக்குத்தான் அலையுதேன்."

நான் வாளியோடு எத்தனை வாசல் ஏறினேன், எத்தனை பல்லைக் காட்டினேன். என்னை நினைத்து, என் முகத்தை நினைத்துப் போட்ட ஓட்டு என்று உறுதியாகச் சொல்ல எனக்கு ஏழு பேர் இருக்கிறார்களா? யோசித்துப் பார்த்தேன். என் வீட்டுக்காரரைச் சேர்த்துக்கொள்ளலாமா என்பதிலேயே சந்தேகம் வந்தது.

"அந்த ஜாக்கெட்டக் கழத்து" என்றேன்.

திரை போட்ட மறைவில் போய்க் கழற்றிக் கொடுத்தாள். இரண்டு கையின் தையலையும் பிரித்தேன். உள்ளே துணி தாராளமாகவே விட்டிருந்தேன். கெட்ட எண்ணத்தோடு தைத்தாலும் தொழில் சுத்தம். அரை அங்குலம் விட்டு மறுபடி தைத்துக் கொடுத்தேன். ஏன், எதற்கு என்று அவள் கேட்கவில்லை. போட்டுப் பார்த்து, கையைத் தலைக்கு மேலே தூக்கி இறக்கினாள்.

"நல்லா இருக்குக்கா."

மனுவில் முதல் கையெழுத்துப் போட்டேன். கடைக்கு ஜாக்கெட் வாங்க வந்தவர்களிடம் எல்லாம் கையெழுத்து வாங்கினேன். போடாதவர்களுக்கு ஜாக்கெட் தயாராக இரண்டு நாள் கூடுதலாக ஆனது.

அந்த வாரக் கடைசியில் இன்னொன்றும் நடந்தது. ஏழு பேரும் கேட் பக்கம் நின்றுகொண்டு, தானா வராமல் வேனில் ஏற மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அது இறால் குவிகிற சீசன். உரிக்க ஆளில்லாமல் கிடந்தால் சரக்கு என்ன ஆகும் என்று மேஸ்திரிக்குத் தெரியும். அரை மணி நேரம் வைதான். அப்புறம் அவனே அவள் வீட்டு வாசலில் போய் நின்று கூப்பிட்டான்.

ஃபிரிட்ஜ் மேல் இருந்த சாவி

மனுவெல்லாம் போக வேண்டிய இடத்துக்குப் போய் அங்கே உறங்கின. சாவி தர்மர் அண்ணாச்சியிடம்.

அப்போதுதான் பூங்கனி அக்கா கடைக்கு வந்தார். திருச்செந்தூரில் தங்கச்சி மகள் கல்யாணம், பட்டு ஜாக்கெட். அரைகுறையாகத் தைத்ததைப் போட்டுப் பார்க்கும் கட்டம். உடம்போடு சேர்த்துக் குண்டூசி குத்தி நிறுத்தியிருந்தேன்.

என் தொழிலில் எனக்கு இருக்கும் ஒரே சாதகம் இதுதான். எப்பேர்ப்பட்ட ஆளாக இருந்தாலும், உடம்பைச் சுற்றிப் பதினாறு குண்டூசி நிற்கும்போது எழுந்து போக முடியாது.

"அசையாதீகக்கா, குத்திரும்" என்று சொல்லிவிட்டு முழுக் கதையையும் சொன்னேன். கக்கூஸ், சிமெண்ட், அண்ணாச்சியிடம் இருக்கும் சாவி, தானாவின் வேலை போனது, மனு எல்லாம்.

பூங்கனி அக்கா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோபப்படப்போகிறார் என்று நினைத்தேன்.

"எனக்கு ஆரு என்ன சொல்லுதா?" என்றார் மெல்ல. "பேப்பர் வரும். கையெழுத்துப் போடுவேன். எதுல போட்டேன்னு பேப்பர் போன பொறவு யோசிப்பேன்."

நான் இடுப்பில் ஒரு ஊசியை மாற்றினேன்.

"பச்சைக் கயிறு கட்டுன சாவியா அது?"

"எனக்கென்ன தெரியும்க்கா?"

"எங்க வீட்டு ஃபிரிட்ஜ் மேல ஒண்ணு கெடக்கு. ஒவ்வொரு தடவ தொறக்கும்போதும் காலுல வந்து விழும். குடோன் சாவின்னுல்லா நெனச்சேன்." கண்ணாடி வழியே என்னைப் பார்த்தார். "ஊசிய எடு செல்வராணி."

வரிசை

இரண்டு நாள் கழித்து பூங்கனி அக்கா ஓர் ஆட்டோவில் தனியாக வந்து ரயில்வே கேட் பக்கம் இறங்கினார். என்னைப் போனில் கூப்பிட்டிருந்தார். நான் கடையைச் சாத்திவிட்டுப் போனேன். இரண்டு மணி வெயில். உப்புக் காற்றில் பூட்டு துருப்பிடித்துக் கிடந்தது. தேங்காய் எண்ணெய் விட்டு, சாவியைத் திருகி, கடைசியில் கதவை மிதித்துத்தான் திறந்தோம்.

உள்ளே மூட்டைகள். பாதி ஈரத்தில் இறுகிப் பாறையாகியிருந்தன.

சேதி எப்படிப் போயிற்றோ, தர்மர் அண்ணாச்சி பைக்கில் வந்து சேர்ந்தார். அதற்குள் இருபது பேர் கூடிவிட்டார்கள்.

"பூங்கனி, நீ வீட்டுக்குப் போ. நான் பாத்துக்கிடுதேன்" என்றார் சிரித்த முகமாக.

பூங்கனி அக்கா முந்தானையால் நெற்றி வியர்வையைத் துடைத்தார்.

"கவுன்சிலர் நாந்தான? எனக்கு இங்கன வேலை இருக்கு. ஒங்க மூட்டைய எடுக்க ஆளக் கூப்பிடுங்க."

ஜீப்பில் கையைக் கூப்பியபடி நின்றவரின் வாயிலிருந்து ஊர் கேட்ட முதல் பேச்சு அது. அண்ணாச்சி கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. போனை எடுத்துத் தன் கடை லோடுமேன்களைக் கூப்பிட்டார். மூட்டைகள் போனதும் பூங்கனி அக்காவே குழாயைத் திறந்தார். அது இரண்டு தடவை இருமியது, செம்மண் நிறத்தில் துப்பியது, அப்புறம் நல்ல தண்ணீராக வந்தது. வராத இணைப்பு எப்போதோ வந்திருக்கிறது.

கழுவித் தள்ளிக்கொண்டிருக்கும்போதே நாலு மணி வேன் வந்து நின்றது. தானாவும் அந்த ஏழு பேரும் இறங்கினார்கள். திறந்த கதவைப் பார்த்துவிட்டு யாரும் கைதட்டவில்லை, கோஷம் போடவில்லை. கையிலிருந்த தூக்குச் சட்டிகளைச் சுவரோரம் வைத்துவிட்டு நேராக வரிசையில் நின்றார்கள். காலையிலிருந்து அடக்கி வைத்திருப்பவர்களுக்கு அதுதான் விழா.

"கவுன்சிலரம்மா மொதல்ல போகட்டும்" என்று கூட்டத்தில் யாரோ குரல் கொடுத்தார்கள்.

தானா திரும்பிப் பார்த்தாள். "அக்கா, அவசரம்னா போங்க. இல்லன்னா வரிசைல வாங்க" என்றாள்.

பூங்கனி அக்கா மறுபேச்சில்லாமல் கடைசியில் போய் நின்றார். எனக்கும் தேவை இருந்தது. அவருக்குப் பின்னால் நின்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து அவர் தலையைப் பாதி திருப்பினார்.

"ஏளா செல்வராணி, ஒண்ணு சொல்லட்டா? ஒனக்கு ஓட்டுப் போட்டவ ஒருத்தி எங்க வீட்லயே இருந்தா."

"ஆருக்கா?" என்றேன். அவர் மாமியார் இறந்து நாலு வருடம். வீட்டில் வேறு பெண்கள் கிடையாது.

பூங்கனி அக்கா முன்னால் நிற்பவளின் பின்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் ஜெயிக்கணும்னு எங்கிட்ட ஆரு கேட்டா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். முன்னால் நின்றவள் திரும்பி, என்னவோ ஏதோ என்று எங்களை முறைத்தாள்.

இதை எழுதலாமா என்று போன வாரம் அவருக்குப் போன் போட்டுக் கேட்டேன்.

"எழுதேன்" என்றார். "அவுக எங்க படிக்கப் போறாவ?"